தொட்டிலுக்கு எந்த மொழி?

தொட்டில் நின்றது. மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தாள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். ஒரு கண் மட்டும் என்றால் இன்னும் பேச்சுவார்த்தைக்கு இடம் உண்டு. இரண்டாவது கண்ணும் திறந்தது. அடுத்து வாய் திறந்தது. அத்தோடு அன்றைய மத்தியானம் முடிந்தது.

மேனேஜர் என்பது அவர்களுடைய பெண் குழந்தைக்கு வீட்டில் விழுந்த பட்டப்பெயர். கூப்பிட்டால் உடனே ஓட வேண்டும், எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்கக் கூடாது, என்ன செய்தாலும் முகத்தில் திருப்தி தெரியாது. வேறு என்ன பெயர் வைப்பது?

"மறுபடியும் நின்னுடுச்சா?" அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள். கையில் ஈரம், தலையில் ஒரு துணி கிளிப். ஏன் அங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

"மோட்டார்ல தப்பில்ல. அதை ஓட்டுற இந்தப் பொட்டிதான். அதுவா ஒரு நேரம் வச்சுக்கிட்டு நிறுத்திடுது."

"அப்போ அந்தப் பொட்டிக்கே தாலி கட்டியிருக்கலாம். அதுவாவது சொன்ன நேரத்துக்கு வேலையை முடிக்குது."

அவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். சண்டை போடும் நிலைமையில் இல்லை. அவளுக்குப் பிரசவ விடுப்பு முடிகிறது. திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலிருந்தபடியே வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு கூட்டம், கணினித் திரையில். அவள் வேலை பார்க்கும் விளையாட்டுக் கம்பெனியில் ஒரு புது விளையாட்டைத் தொடங்குகிறார்கள். அதற்கு அவள்தான் தலைமை. கிடைக்க எத்தனையோ வருஷம் காத்திருந்த பொறுப்பு. முதல் கூட்டத்துக்கே வரமுடியாது என்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று மேலதிகாரி தேன் தடவிச் சொல்லியிருந்தார்.

ஆகவே மத்தியானத்தில் மேனேஜர் தூங்கியாக வேண்டும். அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான்: "திங்கட்கிழமைக்குள்ள தொட்டிலை நான் சரி பண்ணித் தரேன். நீ கூட்டத்துக்குப் போற." குழந்தை பிறந்ததில் தன் வேலையில் ஒரு துரும்பும் அசையவில்லை என்பது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

திருப்புளியால் பெட்டியைக் கழற்றிப் போட்டான். "நானே எழுதுறேன். குழந்தை அழுதா ஆடணும், அடங்கினா மெதுவாகணும், தூங்கினா நிக்கணும். பைத்தான்ல சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"பைத்தானா?" துணி கிளிப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். சண்டைக்கு முன் அவள் கையில் இருப்பதைக் கீழே வைப்பது வழக்கம். "ஒரு தொட்டிலை ஆட்டவா? இதுக்கு லுவா போதுமே."

இரண்டுமே கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் மொழிகள். பைத்தான் பெரிய குடும்பம். எந்த வேலைக்கும் அங்கே ஒரு ஆள் தயாராக இருப்பான், ஆனால் எல்லோரும் உட்கார இடம் வேண்டும். லுவா ஒண்டிக்கட்டை. ஒரு துணிப்பையோடு வந்து எந்த இடுக்கிலும் சுருண்டு படுத்துக்கொள்ளும். வங்கியின் கணினிப் பிரிவில் இருந்த அவனுக்குப் பைத்தான் சோறு போட்டது. அவளுக்கு லுவா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதில் அவர்கள் ஒத்துப்போனதில்லை.

"பைத்தான்ல அழுகைக் குரலைக் கண்டுபிடிக்க எழுதி வச்ச லைப்ரரியே இருக்கு. எடுத்துப் போட்டா போதும்."

"தீப்பெட்டி வாங்க லாரி எடுத்துட்டுப் போவீங்களா?"

"உன் லுவாவை நம்பினா சைக்கிள் கேரியர்ல பீரோவைக் கட்டின மாதிரிதான்."

"சைக்கிளுக்கு என்ன குறைச்சல்? ஏறினா ஓடும். உங்க லாரி முதல்ல எழுந்திரிச்சு, முகம் கழுவி, பேப்பர் படிச்சுட்டுத்தான் கிளம்பும்."

அவன் சொன்னபடி சாயங்காலத்துக்குள் எழுதினான். கையடக்கமான ஒரு குட்டிக் கம்ப்யூட்டரைத் தொட்டில் கம்பியில் கட்டி, அதில் ஒரு மைக்கைப் பொருத்தினான். சோதனை தொடங்கியது. அவள் இடுப்பில் கைவைத்து நின்று வரிக்கு வரி குற்றம் சொன்னாள். அவன் வரிக்கு வரி பதில் சொன்னான். இது ஏன் இவ்வளவு நீளம், அது ஏன் இவ்வளவு தாமதம், உனக்கு என்ன தெரியும், உங்களுக்குத்தான் என்ன தெரியும் என்று குரல் ஏறிப்போய், இருவரும் மூச்சு வாங்க நிறுத்தியபோது மேனேஜர் வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.

அவன் காலரை மட்டும்தான் தூக்கிவிட்டுக்கொள்ளவில்லை. சட்டையில் காலர் இல்லை.

"பார்த்தியா?"

"ஒரு தடவை தூங்கினதுக்கு ஊர்வலம் போகாதீங்க," என்றாள். ஆனால் அவளும் மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சூடான காப்பி குடித்தாள்.

மறுநாள் அவள் தன் லேப்டாப்பைப் பழுது பார்த்து வாங்கிவர வெளியே போனாள். வீட்டில் அவனும் மேனேஜரும் பைத்தானும் மட்டும். ஃபேன் சத்தம்கூட வேண்டாம் என்று நிறுத்தினான். தொட்டில் பூப்போல ஆடியது. மேனேஜர் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். பிறகு ஊரைக் கூட்டினாள்.

போதாக்குறைக்குக் குக்கர் விசில் அடித்தது. பைத்தான் அதையும் ஒரு குழந்தையின் அழுகை என்று நினைத்து வேகத்தைக் கூட்டியது. "அது குக்கர்டா!" என்று கத்திக்கொண்டே அவன் நிரலைத் திறந்து திருத்தினான். ஒரு கையில் பால்புட்டி, ஒரு கையில் தட்டச்சு. பைத்தானில் ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்பதுதான் உயிர். அவசரத்தில் 'நிறுத்து' என்ற வரி கொஞ்சம் வெளியே வந்து நின்றுவிட்டது. வாசலுக்கு வெளியே நிற்கும் ஆளை யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? தொட்டில் ஆட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. மேனேஜரை வாரி எடுத்தான். வெறும் தொட்டில் இன்னும் ஆடியது. அவன் ஒரு கையால் அதைப் பிடிக்க, அது அவனையும் சேர்த்து ஆட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினாள் தையலக்கா. கீழ்வீட்டில் மெஷின் போட்டுத் தைப்பவள். தொட்டிலுக்குப் புதுத் துணி ஓரம் அடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"என்ன தம்பி, நீங்களும் ஆடுறீங்க?"

"ஒன்னுமில்லக்கா. ஒரு சின்ன இடைவெளி தப்பிடுச்சு."

"வீட்ல அவ இல்லையா?"

"வெளிய போயிருக்கா."

"அதான் பார்த்தேன்," என்று துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். எதைப் பார்த்தாள் என்று கேட்க அவனுக்கு நேரம் இல்லை. பிளக்கைப் பிடுங்க ஓடினான்.

மனைவி திரும்பி வந்து முழுக்கதையையும் கேட்டாள். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடுதான் அவனை வாட்டியது.

"நகருங்க. நான் எழுதுறேன்."

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிப். அதில் லுவா. அவள் எழுதியது ஒரு பக்கம்கூட வரவில்லை. இப்போது இடுப்பில் கை வைத்து நிற்பது அவன் முறை.

"இந்த மொழி எண்ணிக்கையை ஒன்னுலேருந்து ஆரம்பிக்குது. உலகமே பூஜ்யத்துலேருந்து எண்ணும்போது இதுக்கு மட்டும் என்ன தனி வழி?"

"எந்த உலகம்? கடையில போய் 'பூஜ்யம், ஒன்னு, ரெண்டு'ன்னா வாழைப்பழம் வாங்குவீங்க?"

"வாங்கறது வேற, எழுதறது வேற."

"வாங்கத் தெரியாதவங்க எழுதினா இப்படித்தான் தொட்டில் கூட ஓடணும்."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் அவள் கம்பெனியை இழுத்தான். அவள் அவன் வங்கியை இழுத்தாள். எப்போதோ செத்துப்போன ஒரு கம்ப்யூட்டர் மொழி நடுவில் வந்து, யார் முதலில் அதைக் கைவிட்டது என்று போனது. சிப் தன்பாட்டுக்கு வேலை செய்தது. மேனேஜர் தூங்கினாள்.

"பார்த்தீங்களா? ஒரு பக்கம். ஒரே பக்கம்!" என்றாள் மனைவி.

அவன் பார்த்தான். மறுக்க வழியில்லை. அன்று பாத்திரம் கழுவியது அவன்.

அடுத்த நாள் அவனை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, கூட்டம் நடப்பதுபோலவே ஒத்திகை பார்த்தாள். கதவு சாத்தி, திரை இழுத்து, அவள் மட்டும் லேப்டாப் முன்னால் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் அழ ஆரம்பித்தாள். அழுகை நீண்டது. பொத்தான் சிப்புக்கு இவ்வளவு அழுகையை வாங்கி வைக்க இடம் இல்லை. நினைவகம் நிரம்பி, தன்னைத் தானே அணைத்து, மறுபடி எழுந்தது. எழும்போதெல்லாம் மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முழு வேகத்தில் ஒரு வெட்டு வெட்டியது. நிரம்பியது, அணைந்தது, எழுந்தது, வெட்டியது. மேனேஜர் இதுவரை காட்டாத ஒரு புதுக் குரலைக் காட்டினாள்.

அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அவன் போய்த் தொட்டிலின் பிளக்கைப் பிடுங்கினான்.

பஞ்சாயத்துக்கு அவள் அண்ணன் வந்தார். பழைய கார் வாங்கி விற்பவர். எந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விலை உண்டு என்று நம்புகிறவர்.

"மாப்ளை, இதுல என்ன பிரச்சினை? பாதி உங்களது, பாதி இவளது. முடிஞ்சது."

"அண்ணா, இது காரா, பாதிப் பாதி பிரிக்க?"

"அவர் மொழி கேக்கட்டும், உன் மொழி ஆட்டட்டும். வீட்லயும் அப்படித்தானே, அவர் கேக்கிறார், நீ ஆட்டி வைக்கிற?"

"மச்சான், நீங்க யார் பக்கம்?" என்றான் அவன்.

"நான் குழந்தை பக்கம்."

யோசனை மோசமில்லை. பைத்தான் அழுகையைக் கேட்டு எந்த வேகம் என்று சொல்லும். லுவா அந்த வேகத்தில் ஆட்டும். வேகங்கள் ஐந்து. இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அவரவர் பாதியை எழுதினார்கள். பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் தப்பித்திருப்பார்கள்.

தொட்டில் ஆடியது. மேனேஜர் இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு அடங்கிக் கண் சொருகினாள். சரி, இனி மிக மெதுவான வேகம் என்று பைத்தான் முடிவு செய்து, தன் வழக்கப்படி முதல் வேகத்துக்குப் பூஜ்யம் என்று சொன்னது. ஒன்றிலிருந்து எண்ணும் லுவா தன் பட்டியலைப் புரட்டியது. பூஜ்யம் என்று ஒரு வேகமே அதில் இல்லை. திகைத்துப்போய் அப்படியே நின்றது. தொட்டில் பிரேக் போட்ட பஸ்போலக் குலுங்கி நின்றது. மேனேஜர் வீறிட்டாள்.

"பூஜ்யத்துலேருந்து எண்ணியிருந்தா இது நடந்திருக்குமா?"

"ஒன்னுலேருந்து சொல்லியிருந்தா நடந்திருக்குமா?"

"பூஜ்யம்னா தொடக்கம்!"

"பூஜ்யம்னா ஒன்னுமில்ல! அதைத்தான் உங்க ப்ரோகிராம் செஞ்சுது!"

அண்ணன் நடுவில் புகுந்து, அரையிலிருந்து எண்ணலாமே என்றார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். கடைசியில் அவர்தான் தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"ஷ்! தூங்கிடுச்சு. நான் சொல்லல? பாதிப் பாதின்னா எப்பவும் வேலைக்காகும்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள், அமைதியான வீட்டில் மேனேஜர் விழித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "விடுங்க. எனக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்."

இத்தனை நாள் அவள் கத்தியது எதுவும் அவனை இப்படி உலுக்கியதில்லை. அவள் எதிரில் போய் உட்கார்ந்தான்.

"தப்பு என்மேலதான். உன் லுவாவே இருக்கட்டும்."

"இல்லங்க. நான்தான் வீம்பு பிடிச்சேன். உங்க பைத்தானே இருக்கட்டும்."

"இல்லம்மா, சின்ன வேலைக்குச் சின்ன மொழிதான் சரி."

"இல்லங்க, பெரிய குடும்பம்னா ஒரு பாதுகாப்பு இருக்குல்ல."

இனிமேல் இந்த வீட்டில் மொழிச் சண்டையே கிடையாது என்று இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அவன் புத்தகத்தைப் பார்த்து லுவாவில் எழுதினான். அவள் அவனிடமே சந்தேகம் கேட்டுக் கேட்டுப் பைத்தானில் எழுதினாள். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி, அடடா, பிரமாதம் என்றார்கள். அந்த வீட்டில் அப்படியொரு நாகரிகமான பேச்சு அதுவரை கேட்டதில்லை. குக்கர், ஃபேன், மிக்ஸி எதற்கும் இரண்டு நிரலும் ஏமாறவில்லை. தொட்டில் குலுங்கவில்லை, வெட்டவில்லை, எண்ணிக்கை தப்பவில்லை. இவ்வளவு நல்ல நிரலை இருவரும் சம்பளத்துக்குக்கூட எழுதியதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் வந்தது. அவள் நல்ல புடவை கட்டி, தலைவாரி, லேப்டாப்பை உள்ளறையில் திறந்து வைத்தாள். கூட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மேனேஜருக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் போட்டார்கள்.

"எதை முதல்ல போடலாம்?" என்று கிசுகிசுத்தான்.

"நீங்க எழுதினதையே போடுங்க."

"நீ எழுதினதைப் போடலாமே."

"உங்க இஷ்டங்க."

லுவாவைப் போட்டான். தொட்டில் நீரில் மிதக்கும் இலைபோல ஆடியது. மேனேஜர் அழுதாள். பைத்தானை மாற்றினான். அதே இலை, அதே நீர். மேனேஜர் கால்களை உதைத்து, முகம் சிவந்து, தொண்டை கிழிய அழுதாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால் அழுகை சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவன் சுவிட்சை அணைத்தான். தூக்கிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், திரும்பப் போட்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

உள்ளறையில் லேப்டாப் மணி அடித்தது. முதல் அழைப்பு. அவள் போகவில்லை. கைப்பேசியை எடுத்து மேலதிகாரிக்குத் தட்ட ஆரம்பித்தாள். அவன் தோளுக்கு மேலாகப் படித்தான். 'மன்னிக்கவும். என்னால் முடியவில்லை. புது விளையாட்டை வேறு யாரிடமாவது...'

"அனுப்பாத!"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" அவள் கண்ணில் நீர் தளும்பி நின்றது.

அவனுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்தது இதுதான்: "முதல் நாள் நான் பைத்தான்ல எழுதினதை அப்படியே விட்டிருந்தா..."

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னீங்க? அப்படியே விட்டிருந்தாவா? தொட்டிலோட சேர்ந்து நீங்களும் இன்னும் ஆடிட்டிருப்பீங்க!"

"உன் பொத்தான் சிப்பு மட்டும் என்ன கிழிச்சுது? அழுதா மயக்கம் போட்டு விழுந்துச்சு!"

"ஒரு பக்கத்துல எழுதினேன், ஒரு பக்கத்துல! நீங்க லாரி லாரியா கொண்டுவந்து இறக்கினீங்க!"

"ஒன்னுலேருந்து எண்ணுற மொழியை நம்பி..."

"பூஜ்யத்தைக் கட்டிக்கிட்டு அழுறவங்க பேசக்கூடாது!"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடக்கி வைத்தது எல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. வாசல் கதவு திறந்ததையும், தையலக்கா உள்ளே வந்து நின்றதையும் இருவரும் கவனிக்கவில்லை. அவளைப் பார்த்ததும்தான் சட்டென்று நிறுத்தினார்கள். நிறுத்தியபோதுதான் தெரிந்தது, அழுகைச் சத்தமும் இல்லை.

தொட்டிலை எட்டிப் பார்த்தார்கள். சுவிட்ச் அணைந்தபடி இருந்தது. தொட்டில் அசையவில்லை. மேனேஜர் கைகளை மேலே போட்டுக்கொண்டு ஆழ்ந்து தூங்கினாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பேச்சற்று நின்றார்கள். அந்த அமைதியில் மேனேஜரின் புருவம் சுருங்கியது. உதடு பிதுங்கியது.

"ஏன் நிறுத்திட்டீங்க? விடாம பேசுங்க!" என்றாள் தையலக்கா. "நேத்துலேருந்து மேல சத்தத்தையே காணோம், பிள்ளை அழுகை மட்டும்தான் கேக்குது. ரெண்டு பேருக்கும் உடம்புக்கு என்னமோன்னு பார்க்க வந்தேன்."

உள்ளே லேப்டாப் மறுபடி மணி அடித்தது. மனைவி அறையையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ போம்மா கூட்டத்துக்கு. கதவைச் சாத்திக்க. லுவா பக்கம் நான் பேசுறேன்." தையலக்கா புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். குரல் உயர்ந்தது. "ஏன் தம்பி, லுவாவுக்கு என்ன குறைச்சல்? சின்ன உருவம், கொஞ்சமாத்தான் இடம் கேக்கும், சொன்ன வேலையைச் செய்யும். ஒன்னுலேருந்து எண்ணினா அது ஒரு குத்தமா?"

மேனேஜரின் உதடு மெல்ல நேரானது. மனைவி உள்ளே ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் தொட்டிலைச் சுற்றிக்கொண்டு தையலக்கா அருகில் வந்தான். "அக்கா... உங்களுக்கு இந்த மொழியெல்லாம் தெரியுமா?"

"எனக்கு என்ன தம்பி தெரியும்? இவ வயித்துல இருந்த நாள்லேருந்து நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டையை, மேல இவளும் கீழ நானுமா கேட்டுக்கிட்டுதானே இருந்தோம், எனக்கு அது மனப்பாடம் ஆயிடுச்சு, இவளுக்குத் தாலாட்டு ஆயிடுச்சு."